கப்பலில் சொந்த ஒயின்: பாட்டிலை எங்கே வாங்குவது என்பதே முதல் கேள்வி

உல்லாசக் கப்பலில் சொந்தமாக ஒயின் கொண்டுபோகலாமா என்று கேட்டால் ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. கப்பல் நிறுவனத்துக்கு நிறுவனம் விதி வேறு. அந்தக் கப்பலின் வாசலை அடைவதற்கு முன்பாகவே விமானத்தின் விதி ஒன்று, இறங்கும் நாட்டின் சுங்க விதி ஒன்று, நம் மாநிலத்தின் மதுவிலக்குச் சட்டம் ஒன்று என்று பாட்டில் பல கைகளைத் தாண்ட வேண்டியிருக்கிறது. ராயபுரத்தில் குடியிருந்து, தம்புச் செட்டித் தெருவில் உள்ள ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் அலுவலகத்தில் நெடுங்காலமாக வேலை பார்க்கிறேன். அடுத்தவர் சரக்குக்கு ஒவ்வொரு நாளும் விதிகளைப் படித்துப் பழகிய கண் இது. அத்தையின், அதாவது என் மனைவியின் தாயாரின், எழுபதாவது பிறந்தநாளைக் கடலில் கொண்டாடலாம் என்று வீட்டில் முடிவானபோது, அன்றைய இரவு விருந்துக்கு நல்ல ஒயின் பாட்டில் ஒன்றை நாமே கொண்டுபோவது என்றும் முடிவாயிற்று. அந்த ஒரு பாட்டிலுக்காகப் படித்ததையும் விசாரித்ததையும் நேரில் கண்டதையும் இங்கே எழுதுகிறேன். கோடை விடுமுறையில் சிங்கப்பூருக்குப் பறந்து அங்கிருந்து கப்பல் ஏறும் சென்னைக் குடும்பங்கள் இப்போது நிறைய இருப்பதால், யாருக்காவது பயன்படும்.

நம் துறைமுகத்திலிருந்தே கப்பல் ஏறலாமே என்று கேட்பவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து எம்பிரஸ் கப்பல் புறப்பட்டபோது ராஜாஜி சாலையே திருவிழாக் கோலத்தில் இருந்தது. எங்கள் அலுவலகத்திலும் பாதிப் பேர் அந்தப் பயணத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். அத்தகைய உள்நாட்டுப் பயணங்களைப் பற்றி நான் விசாரித்த வரையில், வெளியிலிருந்து மது கொண்டுவர அனுமதி இல்லை என்றே பதில் வந்தது. ஆகையால் சொந்த பாட்டில் என்ற பேச்சு, பெரும்பாலும் வெளிநாட்டுத் துறைமுகத்தில் ஏறுகிறவர்களுக்கான பேச்சுதான்.

நிறுவனங்களின் விதிகளைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 'கப்பலில் ஆளுக்கு ஒரு பாட்டில் விடுவார்கள்' என்று நம் ஊரில் பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். அதை நம்பிப் போய் டெர்மினலில் முகம் வாடி நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். ராயல் கரீபியன், கார்னிவல், பிரின்சஸ், ஹாலந்து அமெரிக்கா ஆகிய நிறுவனங்கள், மது அருந்தும் வயதை எட்டிய ஒவ்வொருவரும் கப்பல் ஏறும் முதல் நாளில் 750 மில்லி கொண்ட ஒயின் அல்லது ஷாம்பெயின் பாட்டில் ஒன்றைக் கொண்டுவர அனுமதிக்கின்றன. டிஸ்னி கப்பல்களில் 21 வயது நிறைந்தவர் இரண்டு ஒயின் பாட்டில்களையோ ஆறு பீர்களையோ, முதல் நாளில் மட்டுமின்றி இடையில் நிற்கும் ஒவ்வொரு துறைமுகத்திலும் கொண்டுவரலாம். நார்வீஜியனில் எண்ணிக்கைக்கு வரம்பில்லை என்றாலும், பாட்டிலுக்கு 15 டாலர், ஒன்றரை லிட்டர் பாட்டிலாக இருந்தால் 30 டாலர் என்று வாசலிலேயே வசூலித்துவிடுவார்கள். வைக்கிங் கடற்பயணங்களில் வரம்பும் இல்லை, கட்டணமும் இல்லை. எம்எஸ்சி கப்பல்களிலோ வெளி மது எதற்குமே இடமில்லை. பெயருக்குப் பெயர் இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது, பக்கத்து வீட்டுக்காரர் போன வருடம் கொண்டுபோனார் என்பது நமக்கு ஆதாரமாகாது. இவை அடிக்கடி மாறுகிற விதிகளும்கூட. டிக்கெட்டுடன் வரும் பயண ஒப்பந்தத்தில் மது பற்றிய பகுதியைப் புறப்படும் வாரத்தில் ஒருமுறை மறுபடி படிப்பது நல்லது.

இவற்றுள் பெரும்பாலான நிறுவனங்களுக்குப் பொதுவான ஓர் அம்சம் உண்டு. பொதுவாக இந்தச் சலுகை ஒயினுக்கும் ஷாம்பெயினுக்கும்தான். விஸ்கி, பிராந்தி, ரம் வகைகளுக்குக் கதவு அடைத்தே இருக்கிறது. என் பார்வையில் இதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, மூவாயிரம் நாலாயிரம் பேர் இருக்கும் இடத்தில் யார் எவ்வளவு குடிக்கிறார்கள் என்பது பார் கவுண்டரின் கணக்கில் இருந்தால்தான் கப்பலுக்குப் பாதுகாப்பு. மற்றொன்று வருமானம். அயல்நாட்டுக்குச் செல்லும் கப்பலில் பயன்பாட்டுக்கென்று ஏற்றி வைக்கும் ஸ்டோர் சரக்கை வரியில்லாமல் கப்பலிலேயே செலவழிக்கலாம் என்று நம் 1962 ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 87 ஆம் பிரிவே சொல்கிறது. பிற நாடுகளிலும் நடைமுறை ஏறக்குறைய இதுவே. அப்படியிருந்தும் கப்பல் பாரில் ஒரு கிளாஸ் ஒயின் நட்சத்திர ஹோட்டல் விலைக்கு விற்கிறது என்றால், அந்த விலையில் வரி இல்லை, முழுவதும் வியாபாரம்தான் என்பதை எங்கள் தொழிலில் இருப்பவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். ஒயினுக்கு மட்டும் தந்திருக்கும் அந்தச் சிறு சலுகையை ஒரு மரியாதையாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

இனி, பாட்டிலை எங்கே வாங்குவது என்ற கேள்விக்கு வருகிறேன். விதி தெரிந்த பிறகும் நம்மவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

சென்னையிலேயே வாங்கிக்கொண்டு போகலாம் என்பது முதல் யோசனை. தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை மது விற்பனை முழுவதும் டாஸ்மாக் கையில் இருக்கிறது. எங்கள் பகுதிக் கடைகளில் ஒயின் என்று கேட்டால் அலமாரியின் மூலையில் இனிப்பு கலந்த போர்ட் வகைப் பாட்டில்கள் சில கிடைக்கும். எலைட் கடைகளுக்குப் போனால் நாசிக்கின் சூலா போன்ற இந்திய ஒயின்களும், இறக்குமதிப் பாட்டில்கள் கொஞ்சமும் கண்ணில் படும். சூலா நன்றாகவே இருக்கும், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் மே மாதக் கத்திரி வெயிலில் கடை அலமாரியிலும் பிறகு காரின் டிக்கியிலும் வெந்துபோன ஒயினைக் கடல் கடந்து தூக்கிச் செல்வதில் எனக்கு விருப்பமில்லை. ஒயினுக்கு வெப்பம் பகை. முப்பது டிகிரிக்கு மேல் நாட்கணக்கில் இருந்தால் பழத்தின் வாசனை போய், காய்ச்சிய ஜாம் போன்ற ஒரு சுவை வந்துவிடுகிறது. விலை மலிவு என்று புதுச்சேரியிலிருந்து வாங்கிவரச் சொல்பவர்களும் உண்டு. சோதனைச் சாவடியில் பிடிபட்டால் கப்பல் பயணமே வழக்குப் பயணமாகிவிடும் என்பதால், அந்த யோசனையை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மீறிச் சென்னையிலிருந்தே கொண்டுபோவதாக இருந்தால், விமானத்தில் பாட்டில் செக்-இன் பெட்டிக்குள்தான் போக வேண்டும். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் போகாது. 24 சதவீதத்துக்குக் குறைவான ஆல்கஹால் உள்ள ஒயினுக்கு விமானப் பாதுகாப்பு விதிகளில் அளவு வரம்பு இல்லை. 24 முதல் 70 சதவீதம் வரையுள்ள மதுவுக்கு மட்டுமே ஆளுக்கு 5 லிட்டர் என்ற வரம்பு இருக்கிறது. பாட்டிலைப் பிளாஸ்டிக் பை ஒன்றில் இறுகக் கட்டி, பழைய லுங்கி ஒன்றை நான்கு சுற்றுச் சுற்றி, பெட்டியின் நடுவில் துணிகளுக்கு இடையே படுக்க வைத்தால் உடையாது. கார்க் திருகியையும் அதே பெட்டியில் போட்டுவிடுவது நல்லது. கைப்பையில் வைத்தால் கூர்மையான பொருள் என்று பாதுகாப்புச் சோதனையில் வாக்குவாதம் வரலாம். மூடியைத் திருகித் திறக்கும் பாட்டிலாக வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை. ஆஸ்திரேலிய, நியூசிலாந்து ஒயின்களில் நல்ல தரத்திலேயே திருகு மூடி உண்டு என்பதால், அதைத் தாழ்வாக நினைக்கத் தேவையில்லை.

நான் தேர்ந்தெடுத்தது சிங்கப்பூரை. அங்கே வந்திறங்கும் 18 வயது நிறைந்த பயணி, வருவதற்கு முன் 48 மணி நேரமாவது சிங்கப்பூருக்கு வெளியே இருந்திருந்து, மலேசியாவிலிருந்து வராதவராகவும் இருந்தால், வரியில்லாமல் 2 லிட்டர் ஒயின் கொண்டுவரலாம். அல்லது ஒரு லிட்டர் ஒயினுடன் ஒரு லிட்டர் பீரோ, ஒரு லிட்டர் விஸ்கி வகையோ கொண்டுவரலாம். இரண்டு 750 மில்லி பாட்டில்கள் ஒன்றரை லிட்டர்தான் ஆகின்றன என்பதால் கணக்கு இடிக்காது. சாங்கி விமான நிலையத்தில் பெட்டிகள் வரும் பெல்ட்டுக்கு அருகிலேயே வருகைப் பயணிகளுக்கான டியூட்டி ஃப்ரீ கடை இருக்கிறது. அங்கே வாங்கினால் விமானச் சோதனை என்ற கட்டமே கிடையாது, வெயிலும் படாது, பாட்டில் உடையும் பயமும் இல்லை. நகரத்துச் சூப்பர் மார்க்கெட்டுகளில் வாங்கலாம் என்றாலும் அங்கே வரி சேர்ந்துவிடும். சிங்கப்பூரில் ஒயினுக்கான தீர்வை, அதிலுள்ள சுத்த ஆல்கஹாலின் ஒரு லிட்டருக்கு 88 சிங்கப்பூர் டாலர் என்று கணக்கிடப்படுகிறது. 13 சதவீத ஆல்கஹால் உள்ள 750 மில்லி பாட்டிலில் சுத்த ஆல்கஹால் நூறு மில்லிக்குச் சற்றுக் குறைவு. ஆகத் தீர்வை மட்டும் எட்டரை டாலருக்குச் சற்று மேலே வருகிறது, அதற்கு மேல் 9 சதவீத ஜிஎஸ்டி. தீர்வை பாட்டிலின் விலையைப் பார்ப்பதில்லை, ஆல்கஹாலை மட்டுமே பார்க்கிறது; ஆகையால் மலிவான ஒயினுக்குத்தான் அந்தச் சுமை அதிகமாகத் தெரியும். இரவு பத்தரை மணிக்கு மேல் காலை 7 மணி வரை அங்கே நகரத்துக் கடைகளில் மது விற்பனை கிடையாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மறுநாள் கப்பல், இரவு சாப்பிட்டுவிட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட்டால் பாட்டில் கிடைக்காமல் போகலாம்.

இந்த ஏற்பாட்டையெல்லாம் விவரித்தபோது, அத்தைக்கு மட்டும் ஒரு மனக்குறை இருந்தது. ராயபுரத்துக் கிறிஸ்தவ வீடுகள் பலவற்றில் கிறிஸ்துமசுக்கு வீட்டு ஒயின் வைக்கும் பழக்கம் உண்டு. பெரம்பூரின் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களிலும் அப்படியே. அத்தையின் ஒயினுக்கு எங்கள் தெருவில் தனிப் பெயர். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வரும் பன்னீர் திராட்சையைக் காம்பு நீக்கிக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, பீங்கான் ஜாடியில் கையால் பிசைந்து, சர்க்கரையும் ஈஸ்டும் ஒரு பிடி கோதுமையும் இரண்டு பட்டையும் போட்டு, வாயைத் துணியால் கட்டி, நாள்தோறும் மரக்கரண்டியால் ஒருமுறை கலக்கிவிட்டு, மூன்று வாரம் கழித்து வடிகட்டுவார்கள். நிறத்துக்குச் சர்க்கரையைக் கருக்கி ஊற்றுவதும் உண்டு. தன் பிறந்தநாளுக்குத் தன் கை ஒயின் இருக்க வேண்டும் என்று அவர்கள் ஆசைப்பட்டதில் தவறில்லை. ஸ்குவாஷ் பாட்டில் ஒன்றை நிரப்பித் துணி சுற்றி வைத்தும்விட்டார்கள்.

அதைக் கொண்டுபோக முடியாது என்று சொல்வது என் பொறுப்பாயிற்று. கப்பல்காரர்கள் கேட்பது, ஆலையில் அடைத்து முத்திரை உடைக்காத, லேபிள் உள்ள பாட்டிலை. வீட்டில் நிரப்பிய பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது, ஆகையால் விடமாட்டார்கள். அதைவிடப் பெரிய தொல்லை விமானத்தில் இருக்கிறது. வீட்டு ஒயினில் ஈஸ்ட் முழுவதும் சாகாமல், மிச்சமிருக்கும் சர்க்கரையைத் தின்று வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். இறுக்கி மூடிய பாட்டிலில் அந்த அழுத்தம் ஏறினால் மூடி தெறிக்கும் அல்லது கண்ணாடி வெடிக்கும், பெட்டியிலுள்ள பட்டுப்புடவைகளின் கதி என்னவாகும் என்று சொல்லவே வேண்டாம். சட்டக் கோணமும் இருக்கிறது. 1937 ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் உரிமமில்லாமல் மது தயாரிப்பதை அனுமதிப்பதில்லை. பண்டிகை ஒயின் என்பதற்காக அதில் தனி விலக்கு எதையும் நான் பார்த்ததில்லை. இதில் சட்டத்தைப் பற்றி நான் பேச ஆரம்பித்தபோது அத்தை, "அம்பது வருசமா வெக்கிறேன், ஃபாதருக்கே குடுத்திருக்கேன், நீங்க எனக்குச் சட்டம் சொல்றீங்களா மாப்பிள்ளை?" என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டார்கள். பட்டுப்புடவை விஷயத்தைச் சொன்ன பிறகுதான் அந்த பாட்டில் மறுபடி அலமாரிக்குள் போயிற்று.

கப்பல் ஏறும் நாளில் கவனிக்க வேண்டியது, விமானத்தின் விதிக்கும் கப்பலின் விதிக்கும் இருக்கும் நேர் முரண். விமானத்தில் ஒயின் பெரிய பெட்டிக்குள் போக வேண்டும். கப்பலிலோ அதே ஒயின் கையில் வர வேண்டும். மரினா பே கப்பல் டெர்மினலில் நுழைந்தவுடன் பெரிய பெட்டிகளைப் போர்ட்டர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். அவை தனியாக எக்ஸ்ரேக்குள் போய், மாலையில் கேபின் வாசலுக்கு வந்து சேரும். அந்தப் பெட்டிக்குள் பாட்டிலின் உருவம் தெரிந்தால் பெட்டி கேபினுக்கு வராது. உரிமையாளர் பாதுகாப்பு அறைக்குப் போய்க் காத்திருந்து, அவர்கள் முன்னால் திறந்து காட்டி, விளக்கம் சொல்ல வேண்டும். எங்களுக்கு இரண்டு கேபின் தள்ளி வந்திருந்த சேலத்துக் குடும்பம் ஒன்றுக்கு அதுதான் நடந்தது. 'ஒண்ணும் கேக்க மாட்டாங்க சார், பெட்டியில போட்டுடுங்க' என்று அவர்களுடைய டிராவல் ஏஜென்ட் சொல்லியிருந்தாராம். பெட்டியில் ஒயினுடன் விஸ்கி ஒன்றும் இருந்திருக்கிறது. ஒயினைத் திருப்பிக் கொடுத்தார்கள். விஸ்கி போனது போனதுதான். இரவு உடை, மாத்திரை எல்லாம் அந்தப் பெட்டியில் இருந்ததால், அந்தப் பெரியவர் இரவு உணவுக்குக் காலையில் போட்டிருந்த சட்டையுடனே வந்திருந்தார்.

ஆகையால் டெர்மினல் வாசலில், டாக்ஸியிலிருந்து இறங்கும்போதே, பாட்டிலைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தோள்பைக்கு மாற்றிவிட வேண்டும். ஆளுக்கு ஒரு பாட்டில் என்பது, அந்த ஆள் கையில் அந்த பாட்டில் இருக்க வேண்டும் என்பதாகவும் நடைமுறையில் ஆகிவிடுகிறது. ஒருவர் பையில் மூன்று பாட்டில்கள் தெரிந்தால் கேள்வி வரும். ஒரு பாட்டில் என்று தொடங்கியது, கடைசியில் எங்களிடம் மூன்று பேருக்கு மூன்று பாட்டில்கள் என்று ஆகியிருந்தது. என் மனைவி தன்னுடையதை எடுத்துக்கொண்டாள். அத்தை கைப்பையைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே ஜெபமாலையும் பிரேயர் புத்தகமும் ஓமவாட்டர் புட்டியும் இருந்தன. "இதோட அத வெக்க மாட்டேன்" என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டார்கள். வீட்டில் ஜாடி நிறைய ஒயின் வைப்பவர்கள்தான், கடையில் வாங்கிய பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு நாலு பேர் முன் நடப்பது வேறு விஷயம் போலும். கடைசியில் டியூட்டி ஃப்ரீ பையோடு கையில் பிடித்துக்கொள்வது என்று உடன்பாடாயிற்று. எக்ஸ்ரே கருவியின் அந்தப் பக்கத்தில் நின்றிருந்த பிலிப்பினோ பெண், பாட்டிலைப் பார்த்து, அத்தையைப் பார்த்து, கைகூப்பி வணக்கம் வைத்தாள். அதற்குப் பிறகு அத்தைக்கு ஒரு கூச்சமும் இல்லை.

பில் எடுத்து வைத்திருப்பது நல்லது. யாரும் கேட்கவில்லை என்றாலும், 750 மில்லிதானா, ஆல்கஹால் எத்தனை சதவீதம் என்ற சந்தேகம் வந்தால் லேபிளும் பில்லும் பேச்சைக் குறைக்கும். அட்டைப்பெட்டியில் வரும் மூன்று லிட்டர் ஒயின் பெரும்பாலான நிறுவனங்களில் செல்லாது. தண்ணீர் பாட்டிலிலும் ஷாம்பூ புட்டியிலும் ரம் நிரப்பிக் கொண்டுபோகும் வித்தைகளைச் சிலர் பெருமையாகச் சொல்வார்கள். பிடிபட்டால் பறிமுதலோடு முடியாமல், பயணத்திலிருந்தே இறக்கிவிடும் உரிமையைக் கப்பல் நிறுவனங்கள் ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருக்கின்றன. ஷாம்பூ வாசனை அடிக்கும் ரம்மைக் குடிப்பதற்காக அவ்வளவு பெரிய பணத்தைப் பணயம் வைப்பவர்களிடம் நான் விவாதிப்பதில்லை.

கப்பலுக்குள் வந்த பிறகு இருப்பது கார்க்கேஜ், அதாவது நாம் கொண்டுபோன பாட்டிலைத் திறந்து ஊற்றுவதற்கான கட்டணத்தின் கணக்கு. பெரும்பாலான கப்பல்களில் சொந்த பாட்டிலைக் கேபினிலேயே திறந்து குடித்தால் ஒன்றும் இல்லை. உணவுக்கூடத்துக்குக் கொண்டுபோய் வெயிட்டர் திறந்து ஊற்றினால் கட்டணம் உண்டு. நாங்கள் சென்ற கப்பலில் 15 அமெரிக்க டாலர் என்று சொல்லியிருந்தார்கள். அங்கே மெனுவில் எங்கள் ஒயினை ஒத்த பாட்டில் 42 டாலர். அதன்மேல் சேவைக் கட்டணம் 18 சதவீதம் சேர்ந்து ஏறக்குறைய 50 டாலர் ஆகிறது. சாங்கியில் நாங்கள் கொடுத்தது 32 சிங்கப்பூர் டாலர், அமெரிக்க டாலரில் சுமார் 24. கார்க்கேஜ் சேர்த்தால் 39. ஆகப் பெரிய சேமிப்பு என்று மார்தட்ட ஒன்றுமில்லை. பாட்டிலுக்குப் பத்து டாலர் மிச்சம், ரூபாயில் ஆயிரத்துக்கும் கீழே. கேபினில் குடித்தால் மட்டுமே இருபத்தைந்து டாலருக்கு மேல் மிஞ்சும். ஆகையால் பணத்தை மிச்சப்படுத்துவதற்காகச் சொந்த ஒயின் என்பதைவிட, நமக்குப் பிடித்த ஒயினைக் குடிப்பதற்காக என்று கொள்வதுதான் நியாயமான கணக்கு. பதினைந்து டாலர் ஒயினுக்குப் பதினைந்து டாலர் கார்க்கேஜ் கொடுப்பது வீண். கப்பல் பட்டியலில் எண்பது தொண்ணூறு டாலருக்கு இருக்கும் தரத்தில் ஒன்றை வெளியே நாற்பதுக்கு வாங்கிக்கொண்டுபோனால், அப்போது கார்க்கேஜ் ஒரு பொருட்டே இல்லை. வரியின் கணக்கும் இதே பக்கம்தான் சாய்கிறது என்பதை மேலே பார்த்தோம்: எடுத்துச் செல்வதென்றால் நல்லதாக எடுத்துச் செல்ல வேண்டும்.

குடிப்பவர் ஒருவர், குடிக்காதவர் ஒருவர் என்று இருக்கும் தம்பதிகளுக்குச் சொந்த பாட்டில் வேறொரு விதத்தில் கைகொடுக்கிறது. ராயல் கரீபியன் போன்ற நிறுவனங்களில், ஒரே கேபினில் ஒருவர் மது பேக்கேஜ், அதாவது நாளுக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பணம் கட்டிக் குடிக்கும் ஏற்பாட்டை, வாங்கினால் அதே கேபினில் உள்ள மற்ற பெரியவர்களும் வாங்கியாக வேண்டும் என்பது விதி. நம் குடும்பங்களில் ஐயா இரண்டு கிளாஸ் குடிப்பார், அம்மா எலுமிச்சைச் சாறோடு நிறுத்திக்கொள்வார் என்பதுதான் வழக்கம். அம்மாவுக்கும் சேர்த்து நாள்தோறும் பேக்கேஜ் பணம் கட்டுவது அநியாயச் செலவு. இருவர் பெயரிலும் ஒவ்வொரு பாட்டில் கையில் இருந்தால், ஒரு பாட்டிலுக்கு 150 மில்லி வீதம் ஐந்து கிளாஸ் என்ற கணக்கில் பத்து கிளாஸ் ஆகிறது. மூன்று நான்கு இரவுப் பயணத்துக்கு நிதானமாகக் குடிப்பவருக்கு அது தாராளம். மாறாக, நாளுக்கு ஆறு ஏழு கிளாஸ் போகிறவர் பேக்கேஜே வாங்கிக்கொள்ளட்டும். அவருக்குச் சொந்த பாட்டில் வெறும் சுமை.

உணவுக்கூடத்தில் திறந்த பாட்டில் தீராவிட்டால் தூக்கிக்கொண்டு கேபினுக்கு நடக்க வேண்டியதில்லை. வெயிட்டர் அதில் கேபின் எண்ணை எழுதிய சீட்டு ஒன்றைக் கட்டி உள்ளே எடுத்துவைத்துவிடுவார். மறுநாள் எந்த மேஜையில் உட்கார்ந்தாலும் கேட்டால் வந்துவிடும், அதற்கு மறுபடி கட்டணம் இல்லை. பிறந்தநாள் இரவில் எங்கள் மேஜைக்கு வந்தவர் கோவாக்காரர். பாட்டிலை அத்தை பக்கம் திருப்பி லேபிளைக் காட்டி, மூடியைத் திறந்து, முதலில் சிறிதளவு அத்தையின் கிளாஸில்தான் ஊற்றினார். அத்தை ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, "சக்கர கம்மியா போட்டுட்டான்" என்றார்கள். அவர் அதை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டுச் சிரித்தார். கார்க்கேஜ் பில்லில் வரவே இல்லை. கொண்டாட்டம் என்று தெரிந்தால் வெயிட்டர்கள் சில வேளை அதை விட்டுவிடுவதுண்டு என்று பிறகு பலர் சொன்னார்கள். அதை உரிமையாக எதிர்பார்க்கக் கூடாது. டிப்ஸில் அதைக் கவனித்துக்கொள்வதுதான் மரியாதை.

காரம் சேர்ந்த நம் உணவுக்கு ஒயின் தேர்ந்தெடுப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தியப் பயணிகள் அதிகம் வரும் கப்பல்களில் குழம்பு, பிரியாணி வகைகள் இரவு மெனுவில் இருக்கும். மிளகாய்க் காரத்தின் மேல் துவர்ப்பு மிகுந்த சிவப்பு ஒயினைக் குடித்தால் நாக்கில் எரிச்சல்தான் கூடும்; சற்று இனிப்புள்ள ரீஸ்லிங் போன்ற வெள்ளை ஒயின் குளிர்ச்சியாக இருந்தால் காரத்தோடு சேர்ந்துபோகிறது. கேபினில் உள்ள சிறு ஃபிரிட்ஜ் பேருக்குத்தான் ஃபிரிட்ஜ். அதில் வைத்த பாட்டில் இரவு வரை வெதுவெதுப்பாகவே இருந்தது. கேபின் பணியாளரிடம் ஒரு வாளி ஐஸ் கேட்டு, அதில் கொஞ்சம் தண்ணீரும் ஊற்றிப் பாட்டிலை முக்கி வைத்தால் அரை மணியில் ஜில்லென்றாகிவிடும். கிளாஸும் கார்க் திருகியும் அவரே கொண்டுவந்து கொடுப்பார்.

நடுவில் நிற்கும் துறைமுகங்களில் வாங்கும் பாட்டில்களுக்கு வேறு கதை. மலேசியாவின் லங்காவி வரியில்லாத தீவு என்பதால் அங்கே இறங்குகிறவர்கள் கை நிறைய வாங்கிக்கொண்டு வருவார்கள். பெரும்பாலான கப்பல்களில் திரும்பி ஏறும்போது வாசலில் அதை வாங்கி வைத்துக்கொண்டு சீட்டு தருவார்கள். கடைசி இரவிலோ இறங்கும் காலையிலோதான் பாட்டில் கைக்கு வரும். கப்பலுக்குள் இருக்கும் டியூட்டி ஃப்ரீ கடையில் வாங்கினாலும் இதே நடைமுறைதான். ஆகையால் அவை கப்பலில் குடிப்பதற்கு அல்ல, வீட்டுக்கு எடுத்துப் போவதற்கு.

அப்படி எடுத்துப் போகும்போது நம்மவர்கள் கவனிக்காத ஒரு கண்ணி இருக்கிறது. சிங்கப்பூரின் 2 லிட்டர் சலுகை மலேசியாவிலிருந்து வருகிறவர்களுக்கு இல்லை என்று முன்பே சொன்னேன். கப்பல் கடைசியாக நின்றது பினாங்காகவோ போர்ட் கிளாங்காகவோ இருந்தால், அங்கிருந்து சிங்கப்பூரில் வந்து இறங்குகிற நாம் மலேசியாவிலிருந்து வருகிறவர்களே. கையிலுள்ள பாட்டிலுக்குத் தீர்வையும் ஜிஎஸ்டியும் கட்ட வேண்டிய நிலை வருகிறது. கடைசித் துறைமுகம் எது என்று பயணத் திட்டத்தில் பார்த்துவிட்டுத்தான் லங்காவியில் பையைத் திறக்க வேண்டும். அதைவிட எளிய வழி, ஊருக்குத் திரும்பும் நாளில் சாங்கியின் புறப்பாட்டுப் பகுதியிலோ, சென்னை விமான நிலையத்தில் வந்திறங்கும் இடத்திலோ வாங்கிக்கொள்வது. நம் நாட்டுச் சுங்க விதிகளில் வெளிநாட்டிலிருந்து திரும்பும் பயணிக்கு வரியில்லாமல் 2 லிட்டர் மது அல்லது ஒயின் அனுமதி உண்டு. அதற்கு மேல் இருந்தால் பச்சை வழியில் நடக்காமல் சிவப்பு வழியில் போய் நாமே சொல்லிவிட வேண்டும். குடும்பத்தில் மூன்று பேர் இருக்கிறார்கள் என்று ஒருவர் பெட்டியிலேயே ஆறு லிட்டரையும் அடுக்கினால், அங்கேயும் கேள்வி அந்த ஒருவருக்குத்தான் வரும். எங்கள் அலுவலகத்துக்கு இப்படிப்பட்ட பாட்டில் பஞ்சாயத்துகள் மாதத்துக்கு ஒன்றாவது தொலைபேசியில் வருகின்றன. அவரவர் பங்கை அவரவர் பெட்டியில், அவரவர் பில்லோடு வைக்கச் சொல்வதுதான் நான் தரும் முதல் பதில்.